ஐந்து முறை குணமானவள்

அந்தப் பெரிய மருத்துவமனையின் மொட்டைமாடியில், சிவப்பு விளக்கில் எண்கள் எரியும் பலகை ஒன்று உண்டு. ‘இதுவரை குணமானோர்’ என்ற எழுத்தும் பக்கத்திலிருக்கும் ஆறு இலக்க எண்ணும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கே தெரியும். எண் நாள் தவறாமல் ஏறும். இறங்கி யாரும் பார்த்ததில்லை. செத்தவர்களைக் கழிப்பது உண்டா என்று பொழுதுபோகாத ஒருவர் எழுதிக் கேட்டதற்கு, ‘மரணம் எமது பலகையின் வரம்புக்குள் வராது’ என்று முத்திரையோடு பதில் வந்ததாம்.

அந்த எண்ணில் ஐந்து, தையல்காரியுடையது. ஒரே ஆள், ஐந்து குணம்.

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். சைக்கிள் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவில் அவள் கடை. இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, ஓர் இஸ்திரிப் பெட்டி, ஒரு நாத்தனார். மற்றவை பேசாது. நாத்தனார் பேசுவாள். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, அளவு சரியில்லை என்று வருகிறவர்களிடம் வாய் கொடுப்பது, மூன்றும் அவள் பொறுப்பு. வீட்டுக்காரர் லாரியில் ஏறினால் பத்து நாள் கழித்துத்தான் இறங்குவார் என்பதால், தையல்காரிக்கு உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவதும் நாத்தனார்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் முதலில் கெட்டது வலது கண். விளையாட்டுச் சீருடைக்குச் சிவப்பு பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தவள், இடது கண்ணில் தூசி விழுந்ததென்று அதை மூடினாள். சிவப்பு, பழைய செங்கல் நிறமாகிவிட்டது. கண்ணை உருட்டினால் உள்ளே வலித்தது. ஒரு வாரத்தில் ஊசிக்காது மறைந்தது. மருத்துவமனையின் கொள்கை, வாசலில் கல்லில் வெட்டியிருப்பதுபோல், ‘ஓர் உறுப்பு, ஒரு கட்டிடம், ஒரு சீட்டு.’ கண் கட்டிடத்தில் சீட்டு வாங்கியதில் நாற்பத்து மூன்றாம் நாளுக்குத் தேதி விழுந்தது. நாற்பதாம் நாள் ஊசிக்காது தெரிந்தது.

“அருமையா தெரியுதே!” என்றார் கண் டாக்டர்.

“இப்போ தெரியுது டாக்டர். அதுவா சரியாப்போச்சு.”

“அதுவா சரியாப்போகும்னா நாங்க எதுக்கும்மா இருக்கோம்?”

ரோஜா நிறத் தாளில் குணச் சான்றிதழ் நீட்டினார்கள். ‘முழு மனநிறைவுடன் குணமடைந்தேன்’ என்று அடியில் கையெழுத்துப் போட்டால்தான் வாசல் காவலர் வெளியே விடுவார். போட்டாள். மாடியில் எண் ஒன்று ஏறியது.

அடுத்த வருஷம் இடது கை. விரல் நுனிக்குப் பருத்தியும் பாலியஸ்டரும் ஒன்றாகிவிட்டன. ஊசி குத்தி ரத்தம் துணியில் பட்ட பிறகுதான் குத்தியதே தெரியும். கைக் கட்டிடத்தில் மணிக்கட்டுக்குப் பட்டை கொடுத்தார்கள். பட்டையை அவள் பையிலிருந்து எடுப்பதற்குள் இரண்டு மாதத்தில் கை முக்கால்வாசி தெளிந்துவிட்டது. சான்றிதழ் இரண்டு.

பிறகு நெஞ்சு.

“விலாவைச் சுத்தி யாரோ இஞ்ச் டேப்பை இறுக்கிப் பிடிச்சிட்டு விடவே மாட்டேங்கிற மாதிரி இருக்கு டாக்டர்.”

“எத்தனை இஞ்ச்?”

“முப்பத்திரண்டு.”

நெஞ்சு டாக்டர், ‘சுற்றளவு 32. இயல்பு’ என்று எழுதினார். இதயத்தைப் படம் பிடித்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. வெறும் கேஸ், வாயு என்றார்கள். சான்றிதழ் மூன்று.

நான்காவதாக வந்த தொல்லையை அவள் நாத்தனாரிடம் மட்டும் சொன்னாள். ஓடிப்போய் உட்கார்ந்தால் சிறுநீர் வராது. திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தால் நிற்காது. அவள் இழுத்துப்போன நீர்க் கட்டிடத்தில், தண்ணீரைக் குறைக்கச் சொன்னார் ஒருவர், கூட்டச் சொன்னார் இன்னொருவர். இரண்டுக்கும் நடுவில் அதுவும் சரியாயிற்று. நான்கு.

போன வருஷம் கால். கல்லாய்க் கனத்தது. கால் கட்டிடத்தில் இடுப்பை ஸ்கேன் எடுத்து, “எலும்பெல்லாம் பளிச்சுன்னு இருக்கு” என்றார்கள். ஆறு வாரத்தில் கனம் குறைந்தது. ஐந்து.

ஒவ்வொரு தடவையும் அவள் முந்தைய கதையைச் சொல்ல வாயெடுத்துப் பார்த்தாள். “போன வருஷம் கண்ணு இப்படித்தான் டாக்டர்...”

“அது வேற கட்டிடம்மா. அடுத்தவங்க உறுப்பைப் பத்தி நாங்க பேசறதில்ல. நாகரிகம் இல்ல.”

இதற்கிடையே ஆஸ்பத்திரிக்கே போகாத நோவு ஒன்றும் இருந்தது. மிஷினில் உட்கார்ந்து கழுத்தைக் குனிந்தால் போதும், பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கால்வரை சுரீரென்று மின்சாரம் இறங்கும். தையல்காரிக்கும் நாத்தனாருக்கும் இதில் சந்தேகமே வரவில்லை. மிஷின் மோட்டாரில் கரண்ட் லீக். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் மோட்டாரைக் கழற்றிப் பார்த்து, “மிஷின்ல ஒண்ணுமில்லம்மா. எங்கயோ ஒயருக்கு மேலுறை போயிருக்கு. அதான் குனிஞ்சா அடிக்குது” என்றார். கடை முழுக்க ஒயரை மாற்றினார். காலடியில் ரப்பர் பாய் போட்டார். மறுநாள் அவள் மிஷினைத் தொடாமல் வெட்டு மேசையில் கோடு போடக் குனிந்தபோதும் அடித்தது. மூன்று வருஷத்தில் அவள் நோயைச் சரியாகச் சொன்னவர் அந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர்தான். தப்பான ஒயரை மாற்றினார், அவ்வளவுதான்.

பள்ளி திறக்க மூன்று வாரம். வெட்டி வைத்த துணி மேசையில் கழுத்தளவு. அந்த வாரத் திங்கட்கிழமை அவள் கடைக்குள் நுழைந்ததும் நாத்தனார் கத்தினாள். “அண்ணி! இன்னொரு செருப்பு எங்க?”

கீழே பார்த்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது எங்கே கழன்றதென்று காலுக்குத் தெரியவில்லை. விலாவுக்குக் கீழே உடம்பு முழுவதையும் நனைந்த சாக்கில் சுற்றியதுபோல் இருந்தது. மிஷின் பெடலை மிதித்தால், மிதித்தோமா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. குனிந்தால் மின்சாரம்.

அவள் தையல்காரி. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத எதையும் அவளால் கையில் எடுக்க முடியாது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, குண்டூசியால் தொடையிலிருந்து மேலே மேலே குத்திக்கொண்டே வந்தாள். மரத்த இடம் முடிந்து ‘ஸ்’ என்று வலித்த இடத்தில் துணியில் குறியிடும் நீலச் சாக்குக்கட்டியால் புள்ளி வைத்தாள். முன்னால், பக்கத்தில், முதுகுக்கு நாத்தனார் கையால். புள்ளிகளைச் சேர்த்தால் தொப்புளுக்கு மூன்று விரல்கடை மேலே, ஒரு மில்லி பிசகாமல் உடம்பைச் சுற்றி ஒரு கோடு.

“பாவாடைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கே அண்ணி” என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

மீட்டர் கட்டையை ஊன்றிக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சீட்டு கொடுக்கும் பெண் கணினியைத் தட்டினாள். “கால்தானே? கால்ல நீங்க குணமானவங்க.”

“திரும்ப வந்திருக்கும்மா.”

“குணமானது திரும்ப வர்றதுக்கு இதுல கட்டம் இல்ல. குணப் பதிவாளரைப் பாருங்க. மூணாவது மாடி. லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும்.”

“இவங்க நோயாளி இல்லாம வேற யாரு?”

“குணமானவங்க.”

படியேறினார்கள். முதல் மாடிவரை கட்டையும் நாத்தனாரும் போதுமாயிருந்தன. அதற்கு மேல் தையல்காரி, இடது காலைக் கையால் தூக்கித் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். எதிரே இறங்கி வந்த பணியாளர் ஒருவர் மரியாதையாக ஒதுங்கி நின்று, “பயிற்சியா?” என்று கேட்டார்.

குணப் பதிவாளர் மெலிந்த மனிதர். மேசையில் ஐந்து நிற முத்திரைகள். ரோஜாத் தாள்கள் அடுக்கியிருந்த தட்டை, குழந்தையைத் தொடுவதுபோல் தொடுவார். தையல்காரி பையிலிருந்து தன் ஐந்தாவது சான்றிதழின் நகலை எடுத்ததும் துடித்துப்போனார்.

“மடிச்சிட்டீங்களேம்மா! நகல்ங்கிறதால போச்சு. மூலம் இதோ இங்க இருக்கு, அதுல ஒரு மடிப்பு விழட்டும், எனக்கு மெமோ. ஓரம் கிழிஞ்சா சஸ்பெண்ட். ஆவணம்மா இது!”

“சார், கால் வரமாட்டேங்குது சார்.”

“அப்படிச் சொல்லக்கூடாது. ‘குணத்தை ஏற்கவில்லை’ன்னு சொல்லணும். அதுக்கு குணமறுப்பு விண்ணப்பம் இருக்கு.” ஒரு தாளை எடுத்தார். “ரெண்டு சாட்சி வேணும். அப்புறம் உங்களுக்கு வேற எந்த நோயும் இல்ல, நல்ல ஆரோக்கியமா இருக்கீங்கன்னு ஒரு டாக்டர் சான்று வேணும்.”

“ஆரோக்கியமா இருந்தா அவங்க எதுக்கு சார் இங்க வரப்போறாங்க?” என்றாள் நாத்தனார்.

“விண்ணப்பம் நேர்மையானதுன்னு எங்களுக்குத் தெரியணும் இல்லையா? நோயாளிங்க உணர்ச்சிவசப்பட்டு என்ன வேணும்னாலும் சொல்வாங்க.”

நாத்தனாருக்குப் பொறுமை போயிற்று. “கோட்டைக் காட்டுங்க அண்ணி.” தையல்காரி தயங்கி, சட்டை ஓரத்தை இரண்டு விரல் உயர்த்தினாள். பதிவாளர் நீலக்கோட்டைப் பார்த்து மிரண்டுபோய், கால் கட்டிடத்துக்கும் நெஞ்சுக் கட்டிடத்துக்கும் போன் செய்து அவர்களை அனுப்பினார். குறை சொல்லக்கூடாது, அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதி எதுவும் தடுக்காத இடத்தில் அவர் நல்லவராகவே இருந்தார்.

கால் கட்டிடத்தில் கால் டாக்டர் கோட்டைக் கூர்ந்து பார்த்தார். “இது இடுப்புக்கு மேல போகுதே. எங்க எல்லை இடுப்போட முடியுது. கோடு கொஞ்சம் கீழ இறங்கட்டும், வாங்க, பார்க்கலாம்.”

அடுத்த கட்டிடத்தில் நெஞ்சு டாக்டரும் பார்த்தார். “கோட்டுக்கு மேல எப்படி இருக்கு?”

“மேல நல்லாயிருக்கு டாக்டர்.”

“பாத்தீங்களா! கோட்டுக்கு மேலதான் நாங்க. எங்க பகுதியை நாங்க எவ்வளவு நல்லா வெச்சிருக்கோம்!”

“இந்தக் கோடு யாரோடது டாக்டர்?” என்றாள் தையல்காரி. மூன்று வருஷத்தில் அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான். “மேல உங்களுது, கீழ அவங்களுது. நடுவுல ஓடுதே ஒண்ணு, அது யாரோடது?”

“தண்டுவடத்தைச் சொல்றீங்களா?” நெஞ்சு டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “அது இன்னும் ஒதுக்கீடு ஆகலம்மா.”

உண்மைதான். தண்டுவடம் யாருக்கு என்று முடிவெடுக்கப் பதினோரு வருஷமாக ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது. மூளையின் வால் என்கிறது தலைக் கட்டிடம். எலும்புக்குள் கிடப்பதால் எங்கள் வீட்டுக் குடித்தனம் என்கிறது முதுகுக் கட்டிடம். நரம்புக்கென்று தனிக் கட்டிடம் எழுப்ப இருமுறை அடிக்கல் நாட்டியாயிற்று. ‘நரம்புகள் எல்லா உறுப்புகளுக்குள்ளும் அத்துமீறி நுழைகின்றன’ என்று மற்ற கட்டிடங்கள் ஆட்சேபம் எழுப்பியதில், கல் மட்டும் நிற்கிறது. காவலர்கள் அதில் சைக்கிளைச் சாய்த்து வைப்பார்கள்.

திரும்பிப் பதிவாளரிடம் வந்தபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். கண்ணில் ஒளி.

“அம்மா! விண்ணப்பத்துக்காக உங்க பேரைத் தட்டினேன். கண், கை, நெஞ்சு, நீர், கால்! அஞ்சு கட்டிடத்துலயும் குணம்! இந்த மருத்துவமனை வரலாற்றுலயே கிடையாது. சனிக்கிழமை ஆண்டு விழா. ‘அதிக முறை குணமானவர்’னு உங்களுக்குத்தான் பதக்கம்.”

“எனக்குப் பதக்கம் வேண்டாம் சார். ஒரு டாக்டர் போதும்.”

“மேடையில இருபத்தியிரண்டு டாக்டர் இருப்பாங்க.”

இந்தக் கணக்கு அவளை யோசிக்க வைத்தது. தலைமை மருத்துவரை நேரில் பார்க்க வேறு வழியும் இல்லை. சம்மதித்தாள்.

சனிக்கிழமைக்குள் சாக்குக்கட்டிக் கோடு இறங்கவில்லை. காலின் பலம்தான் இறங்கியது. புதன்கிழமை மிஷினிலிருந்து எழ முடியவில்லை. வியாழக்கிழமை இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உட்கார்ந்திருந்த பத்து நிமிஷத்தில் வலது கண் மறுபடி மங்கி, வெளியே காற்றில் வந்ததும் தெளிந்தது. வெள்ளிக்கிழமை நாத்தனார் காஜா எடுப்பதை நிறுத்திவிட்டு, மேசையில் குவிந்திருந்த துணியைப் பார்த்தபடியே கேட்டாள். “அண்ணி, இது இப்படியே நின்னுடுமா?”

“தெரியலடி.”

“தெரியலன்னா?”

“எனக்குத் தெரியலன்னு சொன்னேன்ல!”

நாத்தனார் மறுபடி காஜா ஊசியை எடுத்தாள்.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வெளியூரிலிருந்து நரம்பு டாக்டர் அம்மாள் ஒருவரை அழைத்திருந்தார்கள். நரைத்த கிராப்பு, தட்டைச் செருப்பு, தோளில் பழைய பை. நரம்புக் கட்டிடத்துக்கு மூன்றாவது முறையாக அடிக்கல் நாட்ட வந்தவர். அவர் முன்னால் இருந்த மேசையில், தையல்காரியின் ஐந்து கோப்புகளையும் ரோஜா நாடாவால் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். வெவ்வேறு கட்டிடக் கோப்புகள் ஒரே மேசைக்கு வர விதி இடம் தராது. அலங்காரத்துக்கு மட்டும் விலக்கு. தலைமை மருத்துவர் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் நாடாவை அவிழ்த்து, படிக்க ஆரம்பித்துவிட்டார்.

“மற்ற மருத்துவமனைகள் என்ன செய்யும்?” தலைமை மருத்துவர் ஒலிபெருக்கியில் முழங்கினார். “ஒரு நோயாளியை ஒரு தடவை குணப்படுத்தும். அதுக்கு மேல அவங்களுக்குத் திறமை கிடையாது! நாங்க இந்தப் பெண்மணியை அஞ்சு தடவை குணப்படுத்தியிருக்கோம். அதுவும் ஒரு மருந்துகூடக் கொடுக்காம! சிலர் கேட்கிறாங்க, ஏன் திரும்பத் திரும்ப வர்றாங்கன்னு. நம்பிக்கை! எங்க மேல இருக்கிற நம்பிக்கை! வேற இடத்துக்குப் போனவங்க கதி என்ன? என்ன நோய்னு கண்டுபிடிச்சிட்டாங்க. பாவம், இன்னைக்கு வரைக்கும் நோயாளியாவே இருக்காங்க!”

கைதட்டல். தையல்காரியை நாத்தனாரும் பதிவாளரும் இரண்டு பக்கமும் தாங்கி மேடைக்கு ஏற்றினார்கள். மகிழ்ச்சியில் கால் தள்ளாடுகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

நரம்பு டாக்டர் பதக்கத்தை எடுத்தார். நாடாவைக் கழுத்தில் போட, தையல்காரி தலையைக் குனிந்தாள்.

சுரீர்.

முதுகு வில்லாய் விறைத்தது. முகம் சுருங்கியது. நரம்பு டாக்டர் பதக்கத்தைப் பிடித்தபடியே நின்றார்.

“என்ன ஆச்சும்மா?”

“ஒண்ணுமில்லங்க. குனிஞ்சா கரண்ட் அடிக்கும். கடையில ஒயரிங் சரியில்ல.”

“இது உங்க கடை இல்லையே.”

தையல்காரி சுற்றிலும் பார்த்தாள். மிஷின் இல்லை, மோட்டார் இல்லை, ஒயர் இல்லை.

“இன்னொரு தடவை குனிங்க, மெதுவா. எங்க ஆரம்பிச்சு எங்க போகுது? ... எத்தனை நாளா? ... இந்த அஞ்சு கோப்பும் உங்களுதுதானா? ஒரே ஆளா?” அந்த அம்மாள் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்து, கால் செருப்பைக் கழற்றினார். பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை அழுத்தி ஒரு கோடு இழுத்தார். கட்டைவிரல், யாரோ நூல் கட்டி இழுத்ததுபோல் மேலே எழும்பியது.

கூட்டம் கைதட்டியது. தலைமை மருத்துவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, “பாருங்கள்! அசைகிறது!” என்றார்.

“கீழ மடங்கணும்” என்றார் நரம்பு டாக்டர். “மேல வந்தா தண்டுவடத்துல கோளாறு.” பெண்கள் இருவர் முந்தானையால் மறைக்க, வயிற்றில் இருந்த நீலக்கோட்டைப் பார்த்தார். “இது யார் போட்டது?”

“நான்தான் டாக்டர். சாக்குக்கட்டி.”

“இந்த ஆஸ்பத்திரியில உங்களைப் பத்தி ஒழுங்கா எழுதின ஒரே குறிப்பு இதுதான்மா.” தலைமை மருத்துவர் பக்கம் திரும்பினார். “இடுப்பை ஸ்கேன் எடுத்திருக்கீங்க. தண்டுவடம் இடுப்புக்கு மேலயே முடிஞ்சிடுது. ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிட்டு, உள்ள எல்லாரும் சௌக்கியம்னு எழுதியிருக்கீங்க. கழுத்து, நடுமுதுகு, தலை, மூணும் எடுக்கணும். இப்பவே.”

தலைமை மருத்துவர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டார். “மேடம், தண்டுவடத்துக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்ல. குழு அடுத்த மாசம் கூடுது. தவிர, ஸ்கேன் அறைக்காரங்க எல்லாரும் விழாவுலதான் இருக்காங்க. நீங்க அடிக்கல்லை முடிச்சிட்டா...”

“படம் வரட்டும். அப்புறம் கல்.” நரம்பு டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்கு அவசரம் இல்ல. இவங்களுக்குத்தான் அவசரம்.”

அழைப்பிதழ் ஆயிரம் அச்சடித்தாயிற்று. சாந்து குழைத்தாயிற்று. சாந்து இறுக ஆரம்பித்ததும் ஸ்கேன் அறை திறந்தது.

படத்தில் தலையில் சில வெள்ளைப் புள்ளிகள், கழுத்துத் தண்டில் ஒரு பழைய தழும்பு, நடுமுதுகில் புதிதாய்ப் பளிச்சிட்ட புண் ஒன்று. நீலக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, டாக்டர் எதிர்பார்த்த இடத்தில். ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் எடுத்துப் பார்த்து, வேறு எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொண்ட பிறகு, மூன்றாம் நாள் நரம்பு டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னார்.

“மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு பேரு. நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கும். உடம்போட காவல் படையே அதை எதிரின்னு நினைச்சு அங்கங்க அரிக்குது. ஒரு தடவை கண்ணு, ஒரு தடவை கை. விலாவை இறுக்கினது, சிறுநீர், கால், எல்லாம் தண்டுவடத்துலேர்ந்து வந்தது. நடுவுல தானா அடங்கும். அடங்கினதைத்தான் குணம்னு எழுதியிருக்காங்க.”

தையல்காரி போர்வையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். “துணி கெட்டுப்போகல. உள்ள லைனிங் கிழியுது. அப்படித்தானே?”

“அப்படித்தான். ரொம்ப நாள் விட்டா துணியும் போகும்.”

“குணமாகுமா டாக்டர்?”

“ஆகாதும்மா. ஆனா அடக்கி வைக்கலாம். இப்போ அஞ்சு நாள் சலைன்ல மருந்து போகும். அப்புறம் புதுசா கிழியாம இருக்க வருஷக்கணக்குல ஒரு மருந்து. போன பலம் கொஞ்சம் திரும்பும். முழுசா வருமான்னு என்னால சொல்ல முடியாது.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். தையல்காரி அழவில்லை. மூன்று வருஷத்தில் அவள் குணமாகவில்லை என்று அவளோடு ஒத்துப்போன முதல் டாக்டர் இவர். கழுத்தில் கட்டியிருந்த எதையோ யாரோ அவிழ்த்ததுபோல் இருந்தது.

நரம்பு டாக்டர் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, ‘மருந்து நிறுத்தக்கூடாது’ என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டு, மாதம் ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

மருந்து தொடங்கிய ஆறாம் நாள் தையல்காரி கட்டிலைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு அடி நடந்தாள். பதின்மூன்றாவது அடிக்குக் கால் எடுப்பதற்குள் குணப் பதிவாளர் வந்துவிட்டார். கையில் புது ரோஜாத் தாள், கக்கத்தில் பழைய ஐந்து மூலங்கள் இருந்த உறை.

“ஆறு! யாராலயும் முறியடிக்க முடியாதும்மா. ஒரு கையெழுத்து.”

“போட்டா என்ன சார் ஆகும்?”

“கோப்பு மூடிடும்.”

“மருந்து?”

“குணமானவங்களுக்கு மருந்து எதுக்கும்மா? வீண்தானே?”

“போடலன்னா?”

“போடலன்னாலும் நாளைக்குக் காலையில உங்க பழைய அஞ்சு மூலச் சான்றிதழும் அந்தந்தக் கட்டிடத்துக்குப் போயிடும். அஞ்சு கட்டிடத்துலயும் நீங்க குணமானவங்க. இந்த வெள்ளைத் தாளுக்குக் கட்டிடமே இல்ல. அது எங்கயும் போகாது, குப்பைக்குத்தான் போகும். நான் என்னம்மா பண்றது, இதைச் சொல்றதுக்கு எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு.” அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தையல்காரி அவர் கக்கத்திலிருந்த உறையைப் பார்த்தாள். பிறகு, “அந்த அஞ்சையும் ஒரு தடவை பார்க்கலாமா சார்? கொஞ்சம் நேரம் வெச்சிருந்துட்டுத் தர்றேன். ஒரு மடிப்பு விழாது” என்றாள். மூலத்தை நோயாளி பார்க்கக் கூடாதென்று எந்த விதியும் இல்லாததால், அவர் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

“ஊசி இருக்கா?” என்றாள் நாத்தனாரிடம்.

“காஜா ஊசியா, சாதா ஊசியா?”

“சாக்கு தைக்கிற ஊசி. நூல் ரெட்டையா கோத்துக் கொடு. இந்த விரலுக்கு இன்னும் முழுசா தெரியல, நீ தாளை அசையாம பிடி.”

பதிவாளர் திரும்பி வந்தபோது ஐந்து ரோஜாத் தாள்களும் நரம்பு டாக்டரின் வெள்ளைத் தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக, நான்கு ஓரமும் நெருக்கிய கெட்டித் தையலில், ஒரே பொருளாக இருந்தன. வெள்ளைத் தாள் மேலே இருந்தது. ஒரு மடிப்பு விழவில்லை.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கட்டிடத்துக்கு அனுப்பினால் கையும் நெஞ்சும் கூடப் போகும். கால் கட்டிடம் வெள்ளைத் தாளோடு வாங்காது. பிரித்தால் ஓரம் கிழியும். கிழிந்தால் சஸ்பெண்ட். எந்தக் கட்டிடத்துக்கும் போக முடியாத கோப்பை யாராலும் மூட முடியாது. மூடாத கோப்புக்கு மருந்து நிற்காது. இது அவருக்குப் புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தில் வியர்த்தது. மேல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

“நூல் முனை எங்கம்மா இருக்கு?”

“உள்ள மடிச்சு அடிச்சிருக்கேன் சார்.”